முப்பத்தைந்து அடியும் ஒரு வரப்பும்

2024 ஜூன் 3, திங்கள். கொழிஞ்சாம்பாறை

நேற்று இரவு எங்கள் விளையாட்டில் ஒருவர் தென்னை மரத்திலிருந்து விழுந்தார். நாற்பது அடி. திரையில் வந்தது இரண்டே வரி: "நீங்கள் கீழே விழுகிறீர்கள். 14 உயிர்ப்புள்ளி குறைந்தது." அவரிடம் மொத்தம் 90 இருந்தது. எழுந்தார், ஒரு பச்சிலையைத் தின்றார், சந்தைக்கு நடந்து போய்விட்டார். கூட இருந்த மூன்று பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: இது படமே இல்லாத விளையாட்டு. எல்லாம் எழுத்து. "வடக்கே போ", "மரம் ஏறு" என்று தட்டினால் அடுத்து நடப்பதை விளையாட்டு வரிகளாகச் சொல்லும். ஒரே ஊரில் பல பேர் ஒரே நேரத்தில் இருப்பார்கள், பேசுவார்கள், சண்டை போடுவார்கள். இந்த வகையின் முதல் விளையாட்டை 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கினார், ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தார். அதன் பெயர் 'மட்'. இன்றும் இந்த வகைக்கே அதுதான் பெயர். எங்களுடையது எவென்னியாவில் எழுதியது. இப்படிப்பட்ட விளையாட்டுகளைக் கட்டுவதற்கென்றே பைத்தான் என்ற நிரல்மொழியில் செய்த கருவி அது. இருபது இருபத்தைந்து பேர் வருகிறார்கள். பொள்ளாச்சி, சித்தூர், வேலந்தாவளம், சிங்கப்பூரில் இருந்து ஒருவர்.

மரத்தை எழுதியது நான். விழுவதையும் நான்தான் எழுதியாக வேண்டும். என் சித்தப்பா கள் இறக்கியவர், மரத்திலிருந்து விழுந்தவர். அவர் ஊரில் இருந்துகொண்டு தென்னையிலிருந்து விழுவதை இரண்டு வரியில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் 5, புதன்

முதலில் பழைய கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். மேசையில் ஆடும் கற்பனை விளையாட்டுகளிலிருந்து வந்த விதி அது: பத்து அடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை, அதிகபட்சம் இருபது பகடை. நாற்பது அடி என்றால் நான்கு பகடை, சராசரி 14.

உயரத்தோடு நேர்விகிதத்தில் அடி கூடுவது தவறு, வேகம் ஏறிக்கொண்டே போகிறதே, இருமடங்கு உயரத்துக்கு நான்கு மடங்கு அடி வேண்டும் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானும் அப்படித்தான் நினைத்தேன். பள்ளிக்கூடப் புத்தகத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. உயரம் இருமடங்கானால் வேகம் சுமார் 1.4 மடங்குதான் கூடும். தரையில் மோதும்போது இருக்கிற ஆற்றல் சரியாக இருமடங்கு. ஆக, பகடைக்காரர்கள் ஆற்றலைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். பிழை வேறு இடத்தில் இருக்கிறது. அனுபவம் கூடக்கூடப் பாத்திரத்தின் உயிர்ப்புள்ளி 10இலிருந்து 90க்கு ஏறுகிறது. கத்திச் சண்டையில் அதற்கு அர்த்தம் உண்டு. பழகியவன் விலகுவான், தடுப்பான். விழும்போது எதைத் தடுப்பது? முப்பது வருடம் மரம் ஏறியவருக்கும் குதிகால் எலும்பு ஒன்றேதான்.

அதனால் விழுவதை உயிர்ப்புள்ளியிலிருந்தே கழற்றிவிட முடிவு செய்தேன். என்ன ஒடிந்தது என்பது மட்டும்தான் விடையாக வரும்.

ஜூன் 8, சனி

இன்று சித்தப்பா வீட்டுக்குப் போனேன். மழை விட்டிருந்தது, காற்று நிற்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜூனில் எங்கள் ஊர்த் தென்னைகளை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்து வைத்துவிடும். அவர் திண்ணையில் இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அப்படித்தான் உட்காருவார், இந்தப் பதினைந்து வருடமாக.

"சித்தப்பா, நீங்க விழுந்ததைப் பத்திக் கேட்கலாமா?" என்றேன். விளையாட்டைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

"கேளு அம்மிணி. அதுல என்ன இருக்குது."

2009, இதே மாதம். கள் மரத்துக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை ஏற வேண்டும். மரத்தில் தேங்காய் மட்டையைக் கட்டிப் படி வைத்திருப்பார்கள். அவர் விழுந்தது மூன்றாவது தடவை, சாயங்காலம். உயரம் முப்பத்தைந்து அடி இருக்கும் என்றார்.

"படியில ஏறுறவரைக்கும் ஒண்ணும் இல்ல. படி முடிஞ்சு ஓலை மட்டைக்குள்ள கை வெச்சு உள்ள நுழையற இடம் இருக்கு பாரு, அங்கதான். கால் படியிலயும் இருக்காது, மேலயும் இருக்காது. கை ஒண்ணுதான். அந்தக் கை புடிச்ச மட்டை காஞ்சது. கையோட வந்துருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. சேறு வாயில இருந்துச்சு."

நடுவில் என்ன தோன்றியது என்று இரண்டு மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்றே சொன்னார். அம்மாவை நினைத்தேன், சாமியை நினைத்தேன் என்று அழகாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். முப்பத்தைந்து அடி, அதாவது பத்தே முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. விழ எடுக்கும் நேரம் ஒன்றரை வினாடி. மண்ணைத் தொடும்போது வேகம் மணிக்கு 52 கிலோமீட்டர்.

விளையாட்டில் மலைமுகட்டிலிருந்து விழுவதற்கு நான் ஆறு வரி வர்ணனை எழுதி வைத்திருந்தேன். வானம் சுழல்வது, பறவைகள், காதில் காற்று. இன்று எல்லாவற்றையும் அழித்தேன். இப்போது தென்னைக்கு இருப்பது இவ்வளவுதான்:

மட்டை கையோடு வருகிறது.

அப்புறம் ஒன்றரை வினாடி வெறும் திரை. அந்த நேரத்தில் எதைத் தட்டினாலும் விளையாட்டு பதில் சொல்லாது. அப்புறம் அடுத்த வரி:

சேறு.

தவறி விழும் வாய்ப்பையும் மாற்றிவிட்டேன். முன்பு ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு சோதனை இருந்தது. இப்போது மரம் முழுக்க ஒன்றே ஒன்று, படி முடிந்து மட்டைக்குள் நுழையும் அந்த இடத்தில். மழை பெய்திருந்தால் கடினம். பிடிக்கும் முன் "மட்டையைப் பார்" என்று தட்டிப் பார்த்தவருக்குக் காய்ந்ததா பச்சையா என்று தெரியும்.

ஜூன் 9, ஞாயிறு

சித்தப்பா நேற்று விடைகொடுக்கும்போது ஒன்று சொன்னார். "ரெண்டு முழம் தள்ளி உழுந்திருந்தா வரப்பு. அன்னைக்கே முடிஞ்சிருக்கும்." ராத்திரி முழுக்க அதுதான் மண்டையில் ஓடியது.

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. விழுந்த உயரத்தை, உடம்பு நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால் போதும். பூமி ஈர்ப்பைப் போல எத்தனை மடங்கு விசையை உடம்பு தாங்கியது என்று சராசரியாகக் கிடைத்துவிடும். நடவுக்கு உழுது நீர் நிறுத்திய வயலில் முழங்கால் ஆழச் சேறு. 40 சென்டிமீட்டர் என்று வைத்தேன். முப்பத்தைந்து அடிக்கு 27 மடங்கு. மிதித்து மிதித்து இறுகிய வரப்பு, உடம்பு மடங்குவதையும் சேர்த்து 10 சென்டிமீட்டர். 107 மடங்கு. மரம் ஒன்று, உயரம் ஒன்று, மனிதர் ஒருவர். இரண்டு முழத்தில் நான்கு மடங்கு வித்தியாசம்.

1942இலேயே ஹ்யூ டி ஹேவன் என்ற அமெரிக்கர் இதை எழுதியிருக்கிறார். 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்து பிழைத்தவர்களைத் தேடிப் பிடித்து, எதன் மேல் விழுந்தார்கள், அது எவ்வளவு பள்ளமானது என்று அளந்தார். பின்னாளில் கார் விபத்துகளில் உயிர் காப்பது பற்றிய ஆராய்ச்சிக்கு அவருடைய வேலை அடிப்படையானது. இந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. விழுந்தவர் பிழைத்தால் நாம் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். இவர் அங்கே போய்ப் பள்ளத்தை அளந்திருக்கிறார்.

ஆகவே இனி விளையாட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு 'நிற்கும் தூரம்' உண்டு. பாறை 5 சென்டிமீட்டர், வரப்பு 10, உழுத காட்டு மண் 25, நடவு வயல் 40, வைக்கோல் போர் ஒரு மீட்டருக்கு மேல். இவை நான் வைத்த எண்கள், ஆடிப் பார்த்துத் திருத்த வேண்டும். முந்நூறு சொச்சம் இடங்களுக்கும் தரை என்ன என்று எழுத வேண்டியிருக்கிறது. இன்று அறுபது முடித்தேன்.

ஜூன் 13, வியாழன்

மழை. மின்சாரம் போய்ப் போய் வருகிறது. அருவிக் குட்டையை மட்டும் முடித்தேன். உலகப் போட்டிகளில் ஆண்கள் 27 மீட்டரிலிருந்து தண்ணீரில் குதிக்கிறார்கள், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் வேகம். ஆனால் கால் முதலில் இறங்க வேண்டும், ஆழமும் வேண்டும். குட்டைக்கு ஆழம் மாதத்துக்கு மாதம் மாறும்படி வைத்தேன். ஏப்ரலில் குதிப்பவருக்குப் பாறைதான்.

ஜூன் 16, ஞாயிறு

மாற்றங்களைச் சொன்னதும் சிங்கப்பூர்க்காரருக்குக் கோபம். அவர் வேடனாக ஆடுகிறார், இரண்டு வருடமாக. "பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு ராத்திரி ஒரு மணி நேரம் வருகிறேன் அக்கா. அந்த ஒரு மணி நேரமும் கால் ஒடிந்து கிடக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். இன்னொருவர், 1972இல் பத்து கிலோமீட்டர் உயரத்தில் சிதறிய விமானத்திலிருந்து விழுந்தும் பிழைத்த பணிப்பெண் வெஸ்னா வுலோவிச்சைச் சொன்னார். அது உண்மைதான். அவர் விமானத்தின் உடைந்த பகுதிக்குள் இருந்தார், விழுந்தது மரங்கள் நிறைந்த பனிச்சரிவில். நிற்கும் தூரம் அங்கேயும் இருக்கிறது. அப்படியும் மண்டை ஓடு, முதுகெலும்பு, கால்கள் எல்லாம் உடைந்தன.

வேடனுக்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னது நியாயம். இரண்டு நாள் யோசித்தேன்.

சித்தப்பா விழுந்தபோது எனக்கு வயது பதின்மூன்று. எனக்கு நினைவிருப்பது மரமோ ரத்தமோ இல்லை. எங்கள் வீட்டுக் கயிற்றுக்கட்டிலைக் கேட்டு ஒருவர் ஓடி வந்தது. அதில் போர்த்தியிருந்த துணியைக் கூட எடுக்காமல் தூக்கிக்கொண்டு போனது. அப்புறம் நான்கு மாதம் அவர் வீட்டுத் திண்ணை காலியாக இருந்ததே இல்லை. மலையாளம் பேசுகிறவர்கள், தமிழ் பேசுகிறவர்கள், அதுவரை பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி கூட வந்து உட்கார்ந்தார்.

இரண்டு வரியில் இல்லாமல் போனது இதுதான். பல பேர் சேர்ந்து ஆடும் விளையாட்டில், விழுந்தவர் தானாக எழுந்து போய்விட்டால் மற்றவர்களுக்கு அங்கே செய்ய ஒன்றுமே இல்லை.

இப்போது இப்படி வைத்திருக்கிறேன். உயரமும் தரையும் சேர்ந்து விசையைச் சொல்லும். எப்படி விழுந்தார் என்பதைப் பகடை சொல்லும்: கால், இடுப்பு, கை ஊன்றி, தலை. கால் என்றால் முதலில் குதிகால், விசை அதிகமானால் அதே அடி முதுகுத்தண்டுக்கு ஏறும். குதிகால் நொறுங்கி வருபவரின் முதுகையும் மருத்துவர்கள் சோதிப்பது அதனால்தான். விழுந்தவருக்கு "எழு" வேலை செய்யாது. பக்கத்தில் இருப்பவர் பதறிப்போய் "உட்கார வை" என்று தட்டினால் முதுகுக் காயம் மோசமாகும். கட்டிலோ பலகையோ கொண்டுவந்து, நான்கு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். படுக்கையில் இருக்கும் நாட்களில் பேசலாம், கதை சொல்லலாம், தெரிந்த தொழிலை மற்றவருக்குக் கற்றுக்கொடுக்கலாம். அப்படிக் கற்றுக்கொடுப்பது நடமாடும்போதைவிட வேகமாக நடக்கும்.

வேடனுக்கு இதை எழுதினேன். "பார்க்கலாம் அக்கா" என்றார்.

ஜூன் 22, சனி

விழுந்தது வேடனேதான். வேண்டுமென்று இல்லை, மட்டையைப் பார்க்காமல் பிடித்தார். தரை வரப்பு இல்லை, உழுத மண். வலது குதிகால், முதுகில் லேசான முறிவு.

முதல் அரை நிமிடம் யாரும் எதுவும் தட்டவில்லை. அப்புறம் வேலந்தாவளத்துப் பெண், "யாரும் தொடாதீங்க" என்றார். ஒருவர் சத்திரத்துக்கு ஓடிக் கட்டில் கொண்டுவந்தார். நான்காவது ஆளுக்காகக் காத்திருந்தார்கள். சந்தையில் இருந்த ஒருவர், வேடனோடு போன மாதம் மான்தோல் விஷயத்தில் சண்டை போட்டவர், வந்து கட்டிலின் ஒரு காலைப் பிடித்தார். இரவு பன்னிரண்டரை வரை வேடனின் குடிசையில் ஏழு பேர் இருந்தார்கள். அவர் வில்லுக்கு நாண் முறுக்குவதைச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தார்.

ஜூன் 23, ஞாயிறு

நேற்று நடந்ததை அப்படியே கைபேசியில் சித்தப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். "சேறு" வரியைத் தாண்டும்போது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கட்டில் வந்த இடத்தில் நின்றார்.

"நாலு பேரும் தனித்தனியா 'தூக்கு'ன்னு போடறாங்களே. அப்படித் தூக்குனா ஒருபக்கம் சாஞ்சுரும், அம்மிணி. முதுகு போயிரும்."

"வேற எப்படி?"

"ஒருத்தன் குரல் குடுக்கணும். மத்த மூணு பேரும் அந்தக் குரலுக்குத்தான் தூக்கணும். என்னைத் தூக்குனப்ப உங்கப்பன்தான் குரல் குடுத்தான்."

அப்பா இதை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"குரல் கொடு" என்று ஒரு கட்டளை சேர்க்க வேண்டும். அது வந்த இரண்டு வினாடிக்குள் மற்ற மூவரும் "தூக்கு" தட்ட வேண்டும், பிந்தினால் கட்டில் சாயும். இன்று ராத்திரி எழுதிவிடுவேன்.