பூனைப்பருந்து: பெண் மட்டும் பிடி கொடுக்கவில்லை

மார்கழிக்கு முன்பே திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டான் பக்கத்துத் தரிசுக்குப் பூனைப்பருந்துகள் வந்தாச்சு. மாண்டேகு, பாலிட் என்று இரண்டு இனம்; எது எது என்று பிரிப்பதுதான் வேலை. ஆண் பறவையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மேல்சிறகில் குறுக்கே கறுப்புக்கோடு ஓடினால் மாண்டேகு. கோடில்லாமல் வெளுத்து, நுனியில் மட்டும் ஆப்பு அடித்ததுபோல் கறுப்பு இருந்தால் பாலிட். தூரத்தில் வரும்போதே சொல்லிவிடுவேன், பந்தயம்கூடக் கட்டலாம்.

இந்தப் பெண் பறவைகள்தான் உயிரை வாங்குகின்றன. இரண்டுக்கும் பழுப்பு உடல், வாலடியில் வெள்ளை. வெளிறிய கழுத்துப்பட்டையும் அதையொட்டிக் கருத்த கழுத்தும் இருந்தால் பாலிட் என்கிறார்கள். சொல்ல நல்லாத்தான் இருக்கு. இவை புல்லுக்குள் தரையில் அடைபவை; கூடி வருவதோ பொழுது சாய்ந்த பிறகு. அந்த வெளிச்சத்தில் எல்லாக் கழுத்தும் கறுப்புதான்.

அதனால் கழுத்தை விட்டுவிட்டு அடிச்சிறகைப் பிடித்திருக்கிறேன். பின்னோர இறகுகளில் வெளிர்ப்பட்டைகள் உடல்வரை தெளிவாக ஓடினால் பெண் மாண்டேகு. உடலை நெருங்க நெருங்க இருண்டு மங்கினால் பெண் பாலிட். இளசுகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அது தனித் தலைவலி. பறவை தாழப் பறக்கணும், சூரியன் நமக்கு முதுகுப்பக்கம் இருக்கணும். கீழே காய்ந்த புல் என்றால் வெளிச்சம் மேலே அடித்துக் கோடு துலங்கும். செம்மண்ணுக்கு மேல் பறந்தால் அடிச்சிறகு முழுக்கச் சிவப்பேறிவிடும்.

நேற்று ஒன்று தலைக்கு மேலேயே வந்தது. உடலை ஒட்டிய இறகுகள் மட்டும் படத்தில் கலங்கல்! எது தெரியணுமோ அதுதான் இல்லை. ஆடு மேய்க்கிற அண்ணாச்சி, "இன்னும் அந்தப் பருந்தைத்தான் பாக்கீயளா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார். பறவைப் பதிவு போடும் இபேர்ட் தளத்தில், இரண்டில் ஏதோ ஒன்று என்று பாலிட்/மாண்டேகு எனச் சாய்கோடு போட்டே ஏற்றினேன்.

ட்ரைபாட் தலை வேறு ஆட்டம். ஜங்ஷனில் வாங்கிய கடையில், "லென்ஸ் கனம் சார்" என்று கை விரித்துவிட்டார்கள். மதுரைக்குப் போகிறபோது, கனமான லென்ஸைத் தாங்கித் திருப்புகிற கிம்பல் தலை ஒன்று பார்க்கணும். அதைவிடப் பெரிய கவலை, தரிசின் கிழக்கோரம் பிளாட் கல் நட்டுவிட்டார்கள். பாலிட் உலக அளவிலேயே அச்சுறுத்தலை நெருங்கிய இனம். கஜகஸ்தான் புல்வெளியிலிருந்து இங்கே வெட்டுக்கிளி தின்ன வருவது அடுத்த வருஷம் எங்கே இறங்கும்?

ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வருகிறது, 2011 முதல் நடப்பது. எண்ணப் போகிறவர்களுக்குக் குளம் பிரிக்கும்போது, பறவைகள் சரணாலயம் இருக்கிற கூந்தன்குளம் பக்கம் கேட்கலாம் என்று இருக்கிறேன். இமயமலை தாண்டி வரும் வரித்தலை வாத்துக்கு ஆணும் பெண்ணும் ஒரே நிறம், தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. கழுத்தைப் பார், இறகைப் பார் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.