பிஎஸ்4க்கு ஹாட் டிஸ்க் வாங்குறீங்களா? முதல்ல வயரைப் பாருங்க

பிஎஸ்4ல, அதான் பிளேஸ்டேஷன் 4 கேம் மெஷின்ல, வெளி ஹாட் டிஸ்க் கொளுவ யோசிக்கிற மட்டக்களப்பு ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறேன். சரியான சாமான் கையில இருந்தா கால் மணித்தியால வேலை. எனக்கு அது வாரக்கணக்கில இழுபட்டுது. அந்தக் கோபம் இன்னும் அடங்கல்ல.

எங்கட மெஷின் 500 ஜீபி. சிஸ்டம் எடுத்தது போக கைக்கு வாறது 400 சொச்சம். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 எண்ட கேம் மட்டுமே கிட்டத்தட்ட 100 ஜீபி பிடிக்கும். தம்பி புதுசா ஒண்டு போடணும் எண்டா பழசை அழிக்கணும், மறுகா அதை விளையாட ஆசை வந்தா முழுசா டவுன்லோட் பண்ணணும். மாசம் பாதி போக முதல் டேட்டா முடிஞ்சிரும். கட்டார்ல இருக்கிற அக்காவோட அம்மா வீடியோ கோல் கதைக்க ஏலாது. அதாலதான் டிஸ்க் வாங்க வெளிக்கிட்டன்.

வெளி டிஸ்க்ல கேம் ஏத்துறது 2017 மார்ச்சில பிஎஸ்4க்கு வந்த 4.50 அப்டேட்டோட வந்த வசதி. டிஸ்க் 250 ஜீபிக்குக் குறையக்கூடாது, 8 டீபிக்கு மேல போகக்கூடாது, யூஎஸ்பி 3.0 ஆ (பழைய 2.0 வை விட வேகமான வகை) இருக்கணும், ஒரு போர்ட்டைப் பலதாக்கிற ஹப் ஒண்டும் இடையில இல்லாம நேரா மெஷின்ல கொளுவணும். இவ்வளவையும் எழுதி எடுத்துக்கொண்டுதான் கல்லடிப் பாலம் தாண்டி டவுனுக்குப் போனன். ஒரு கடையில 1 டீபி லெப்டொப் டிஸ்க்கும், அதைப் போட்டு யூஎஸ்பியில கொளுவுற கேசிங்கும் எடுத்தன்.

"இது 3.0 தானே?"

"ஓம் தம்பி, பெட்டியிலயே போட்டிருக்கு பாருங்க."

போட்டுத்தான் இருந்தது.

வீட்டில கொளுவினா, டிஸ்க் யூஎஸ்பி 3.0 இல்ல, பாவிக்க ஏலாது எண்டு ரீவியில வருது. மற்ற போர்ட்ல போட்டும் அதே கதை. திரும்பக் கொண்டு போனன். கவுண்டர்ல நிண்ட பொடியன் தன்ட கம்ப்யூட்டர்ல கொளுவினான். டிஸ்க் திறந்துது.

"இந்தா ஓடுதே. டிஸ்க்ல பிழையில்ல. உங்கட மெஷின்ட போர்ட்தான் பழுது, கொழும்புக்கு அனுப்பிப் பாருங்க."

போன்ல எடுத்த ரீவிப் படத்தைக் காட்டினன், எட்டியும் பாக்கல்ல. முதலாளி வந்தாத்தான் மாத்தலாமாம். முதலாளி இருக்கிற நேரமாப் பாத்து வெயிலுக்குள்ள போனா, அவர் "பெட்டி உடைச்ச சாமான் எடுக்கிறல்ல" எண்டுட்டார். பில்லில அப்பிடி ஒரு சொல்லும் இல்ல.

இதை நல்லா மனசில வையுங்க. கம்ப்யூட்டர்ல ஓடுறது இந்த விஷயத்தில ஒரு அத்தாட்சியே இல்ல. கம்ப்யூட்டர் யூஎஸ்பி 2.0 வேகத்திலயும் டிஸ்கைத் திறக்கும், கொஞ்சம் மெதுவாத் திறக்கும், அவ்வளவுதான். பிஎஸ்4 அப்பிடி விடாது. கடைக்காரர் கம்ப்யூட்டர்ல திறந்து காட்டினா அதோட சரியெண்டு வராதீங்க.

மெஷினைக் கொழும்புக்கு அனுப்பப் பார்சலும் கட்டிட்டன். அம்மாதான் மறிச்சா. "கண்காணாத இடத்துக்கு அனுப்ப முதல் காத்தான்குடியில ஆருக்கும் காட்டிப் பாரு மகன்." கூட்டாளி ஒருத்தன் சொன்ன ரிப்பயர் கடைக்கு மெஷினையும் தூக்கிக்கொண்டு போனன். வெள்ளிக்கிழமை மத்தியானம், ஜும்ஆவுக்குக் கடை பூட்டி. தொழுகை முடியும் வரைக்கும் வாசல்ல நிண்டன். அங்க வெள்ளியில போறவங்க பின்னேரம் பாத்துப் போங்க.

கடைக்கார நானா மெஷினைத் தொடவே இல்ல. டிஸ்க்ல இருந்த வயரைக் கழட்டிப் பாத்தார்.

"தம்பி, இது போன் சார்ஜர் வயர்."

கேசிங் உண்மையில 3.0 தான். அதுட ஓட்டை அகலமா, ரெண்டு பகுதியா இருக்கும். போனுக்குப் போடுற பழைய ஒல்லி முனை அதுட ஒரு பாதிக்குள்ள அழகாப் போய் இருக்கும், லைட்டும் எரியும், டிஸ்க்கும் சுத்தும். ஆனா வேகம் 2.0 தான். டவுன் கடையில பெட்டிக்குள்ள வச்சுத் தந்ததே அந்த ஒல்லி வயர்தான். பிஎஸ்4 கன்ட்ரோலர் சார்ஜ் போடுற வயருக்கும் அதே முனைதான், அதையும் இதுக்குப் போடாதீங்க.

லாச்சியில இருந்து அகல முனை வயர் ஒண்டை எடுத்துக் கொளுவினார். போமட் பண்ணவா எண்டு மெஷின் கேட்டுது! வயர்க் காசு மட்டும்தான் எடுத்தார், பாத்த கூலி வேணாம் எண்டுட்டார்.

போமட் பண்ணினது, கேம்களை மாத்தினது எல்லாம் சொல்ல ஒண்டுமில்லாம முடிஞ்சுது. ஆனா போமட் பண்ணினா டிஸ்க்ல இருக்கிற அவ்வளவும் அழியும். கலியாணப் படம், பிள்ளையளிட வீடியோ இருக்கிற டிஸ்கைக் கிட்டவும் கொண்டு போகாதீங்க. விளையாடின இடத்தைப் பதிஞ்சு வைக்கிற சேவ் எல்லாம் மெஷினுக்குள்ளயேதான் இருக்கும், டிஸ்க் பழுதாப் போனாலும் அதுகளுக்கு ஒண்டும் ஆகாது. சீடி போட்டு விளையாடுற கேமுக்கு டிஸ்க்ல ஏத்தினாலும் சீடி வேணும்.

கழட்டக்குள்ள சும்மா இழுக்க வேணாம். பிஎஸ் பட்டனை அமத்திப் பிடிச்சா வாற மெனுவில டிஸ்கை நிறுத்திட்டுக் கழட்டுங்க. மெஷின் ரெஸ்ட் மோட்ல (முழுசா நிறுத்தாம தூங்கப் போட்ட நிலை) இருந்தாலும் இழுக்கக்கூடாது. விளையாடக்குள்ள கரண்ட் போனா, திரும்ப வந்த உடனே மெஷின் டிஸ்கைச் சோதிக்கும். அந்த நேரம் பொறுமையா விடுங்க. எங்கட பக்கம் மழை காலத்தில கரண்ட் போறது தெரியும்தானே, சின்ன யூபிஎஸ் ஒண்டு இருந்தா நல்லம்.

பிறகு பிஎஸ்5 வாங்கினாலும் இதே டிஸ்கைக் கொளுவி பிஎஸ்4 கேம்களை நேரா விளையாடலாம். பிஎஸ்5 கேம்களை இதில வைக்க மட்டும் ஏலும், விளையாட உள்ளுக்கு மாத்தணும்.

ரெண்டு வயரையும் எடுத்துக்கொண்டு அந்த டவுன் கடைக்குப் போனன். முனைகளைப் பக்கத்தில பக்கத்தில வச்சுக் காட்டினன். பொடியன் மற்றப் பெட்டிகளைத் திறந்து பாத்தான், எல்லாத்திலயும் ஒல்லி வயர். முதலாளி வயர்க் காசைத் திருப்பித் தந்தார். நல்லா இருந்த மெஷினைப் பழுது எண்டு சொன்னதுக்கு மட்டும் அவங்கட வாயில இருந்து ஒரு சொல் வரல்ல.