சக்கர நாற்காலிக்கு மூன்று நிமிடம்

நான் எடுத்த முதல் பத்து நேர்காணல்களையும் நீக்கிவிட்டார்கள். பத்து வீடுகள், ஒவ்வொரு வீட்டிலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், அதற்கு முன் நடந்த நடை, காத்திருந்த காத்திருப்பு எல்லாம் போயிற்று. அன்றைக்கு அழுதுவிட்டேன். நீக்கியது சரிதான் என்று இப்போது தெரிகிறது. இதே போன்ற களப்பணிக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

வேலை இதுதான். உடல்நிலையை அளக்க ஈக்யூ-5டி என்று ஒரு வினாத்தாள் உலகம் முழுவதும் புழக்கத்தில் இருக்கிறது. நடமாட்டம், தன்னைத் தானே பராமரித்துக்கொள்வது, அன்றாட வேலைகள், வலி, கவலை அல்லது மனச்சோர்வு என்று ஐந்து கூறுகள். ஒவ்வொன்றிலும் ஐந்து படிகள்: குறையே இல்லை என்றால் 1, மிக மோசம் என்றால் 5. ஆக மொத்தம் 3,125 உடல்நிலைகள். ஒரு குறையும் இல்லாதவர் 11111. நடக்க முடியாமல், குளிக்கவோ உடுத்தவோ முடியாமல், எந்த வேலையும் செய்ய முடியாமல், மிகக் கடுமையான வலியோடும் மனச்சோர்வோடும் கிடப்பவர் 55555. இடையில் இருக்கும் 21342 எவ்வளவு மோசம்? அதை மருத்துவர் சொல்ல முடியாது, அந்த நாட்டு மக்கள்தான் சொல்ல வேண்டும். முழு ஆரோக்கியத்துக்கு 1, இறப்புக்கு 0 என்று வைத்துக்கொண்டு மற்ற நிலைகளை அவர்களைக் கொண்டே மதிப்பிட வைப்பதுதான் இந்த ஆய்வு.

இந்தியாவுக்கென்று அப்படி ஒரு மதிப்புத் தொகுப்பு இல்லாத காலத்தில் நம் ஆய்வாளர்கள் பிற நாடுகளின் எண்களைக் கடன் வாங்கினார்கள். பிரிட்டனின் தொகுப்பு 1993-ல் அங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு உருவாக்கியது. நாற்று நடுகிற பெண்ணுக்கு முழங்கால் வலி எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அவர்கள் எப்படிச் சொல்ல முடியும்? எந்தச் சிகிச்சைக்கு அரசுப் பணத்தைச் செலவிடலாம் என்று கணக்குப் பார்க்கிற இடத்தில் இந்த எண்கள் போய் உட்காருகின்றன. அதனால்தான் இந்த வேலையில் எனக்கு அவ்வளவு பிடிப்பு இருந்தது.

கேள்வி கேட்கும் முறைதான் கடினம். மடிக்கணினித் திரையில் இரண்டு வாழ்க்கைகள். ஒன்றில், குறிப்பிட்ட உடல்நிலையோடு பத்து ஆண்டுகள் வாழ்ந்து இறப்பீர்கள். மற்றொன்றில், முழு ஆரோக்கியத்தோடு அதைவிடக் குறைவான ஆண்டுகள் வாழ்ந்து இறப்பீர்கள். ஆண்டுகளைக் கூட்டிக் குறைத்து, இரண்டும் ஒன்றுதான் என்று அவர் சொல்லும் இடம் வரை போக வேண்டும். எட்டு ஆண்டுகளில் நின்றால் அந்த நிலையின் மதிப்பு 0.8. இப்படிக் கிடப்பதைவிட இப்போதே போய்விடலாம் என்று சொல்பவருக்குத் திரை மாறும். இரு பக்கமும் முதலில் பத்து நல்ல ஆண்டுகள் சேர்க்கப்படும். அந்த நோய்நிலையைத் தவிர்க்க அவற்றில் எத்தனையை விட்டுக்கொடுப்பீர்கள் என்று கேட்போம். பத்தையும் கொடுத்துவிட்டால் மதிப்பு -1. ஒருவருக்கு இப்படிப் பத்து நிலைகள். அதன் பிறகு ஏழு ஜோடிகள்: இந்த இரண்டு உடல்நிலைகளில் எது தேவலை என்று மட்டும் சொன்னால் போதும்.

இவ்வளவையும் புரியவைக்கத்தான் முதலில் சக்கர நாற்காலி எடுத்துக்காட்டு வருகிறது. சக்கர நாற்காலியில் பத்து ஆண்டுகள் வாழ்வதாக வைத்துக்கொண்டு இரண்டு திரைகளையும் நடத்திக் காட்ட வேண்டும். நான் தவறியது இங்கேதான்.

என் முதல் வாரத்து வீடுகள் பெரும்பாலும் மாலையில் அமைந்தன. வேலைக்குப் போனவர்கள் திரும்பும் நேரம் அதுதான். மூன்றாவது வீட்டில் ஒரு பாட்டி என்னைத் தடுத்தார். “விளக்கு வைத்த வீட்டில் சாவைப் பற்றிப் பேசாதே அம்மா” என்றார். எனக்கு நெஞ்சு கூசியது. எங்கள் வீட்டிலும் பாட்டி அப்படித்தான் சொல்வார். அன்றிலிருந்து அந்தச் சொல்லை விழுங்க ஆரம்பித்தேன். “இறப்பீர்கள்” என்று வாசிக்க வேண்டிய இடத்தில் “அதோடு முடிந்துவிடும்” என்று மழுப்பினேன். இறப்பே மேல் என்பவருக்கான இரண்டாவது திரையை எடுத்துக்காட்டில் காட்டாமலே கடந்தேன். ‘இவர்களிடம் போய் இதைக் கேட்பதா’ என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

தரக் கட்டுப்பாட்டு அறிக்கை எதையும் விட்டுவைக்கவில்லை. எந்தத் திரையில் எத்தனை நொடி நின்றோம் என்பது வரை மென்பொருள் பதிந்து வைத்திருந்தது. சக்கர நாற்காலி விளக்கம் மூன்று நிமிடத்துக்குக் குறைந்தால் அந்த நேர்காணலின் மேல் ஒரு குறி விழும். இரண்டாவது திரையைக் காட்டாவிட்டால் ஒரு குறி. பத்து நிலைகளையும் ஐந்து நிமிடத்துக்குள் முடித்தால் ஒரு குறி. 55555-ஐவிட வேறொரு நிலை மிகவும் மோசமானது என்று பதிவாகியிருந்தாலும் குறி விழும்; கேள்வி புரியாமல் பதில் சொல்லியிருக்கிறார் என்பதற்கு அது அடையாளம். முதல் பத்தில் நான்கு குறிபட்டாலே மறுபயிற்சி. எனக்கு ஏழு.

மேற்பார்வையாளர் திட்டவில்லை. என் எதிரே அமர்ந்து, “என்னை அந்தப் பாட்டியாக நினைத்துக்கொண்டு கேள்” என்றார். கேட்டேன். “இறப்பு” என்ற சொல் வந்ததும் என் குரல் தாழ்ந்து, கண்கள் திரைக்குப் போய்விட்டன. அதை அவர் கவனித்துச் சொன்னார். “நீ பயப்படுவது அவர்களுக்குத் தெரிகிறது. பாட்டி தடுத்தது நேரத்தை. கேள்வியைத் தடுத்ததாக நீ எடுத்துக்கொண்டாய்.” இரண்டு நாள் அவரையும் சக களப்பணியாளர்களையும் வைத்துத் திரும்பத் திரும்ப நடத்திப் பார்த்தேன்.

அடுத்த சுற்றில் மாலை வீடுகளை ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு மாற்றினேன். பட்டியலில் வந்த ஆளை மாற்ற முடியாது, நேரத்தை மாற்றலாம். எதிரே உட்காருவதை விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்; திரை இருவருக்கும் தெரிய வேண்டும். ஆரம்பத்திலேயே, “சாவைப் பற்றியும் கேட்பேன், உங்களுக்கு ஒப்புதல்தானா?” என்று கேட்டு விடுவேன். ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. சக்கர நாற்காலிக்கு ஆறேழு நிமிடம் கொடுத்தேன். எங்கள் பக்கத்து வீடுகளில் வாசற்படி உயரம், தெரு குறுகல், கழிப்பறை கொல்லையில். நாற்காலி எப்படி உள்ளே வரும் என்றுதான் பலரும் முதலில் கேட்டார்கள். கேட்கட்டும் என்று விட்டேன். அப்படிக் கேட்கிறபோதுதான் அந்த வாழ்க்கையை அவர்கள் உண்மையாகவே கற்பனை செய்கிறார்கள்.

ஒரு பெரியவர் வீடு இன்னும் கண்ணில் நிற்கிறது. திண்ணையில் பாய் விரித்து உட்காரவைத்தார். 55555 திரையில் வந்ததும் நான் ஐந்து வரிகளையும் வாசித்தேன். “பார்த்துக்கொள்ள ஆள் உண்டா?” என்று கேட்டார். இதற்கு உண்டு என்றோ இல்லை என்றோ நாங்கள் சொல்லக் கூடாது. “நீங்கள் எப்படி நினைக்கிறீர்களோ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா” என்றேன். சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்த கயிற்றுக் கட்டிலைக் காட்டினார். மனைவி மூன்று ஆண்டுகள் அதில்தான் கிடந்தாராம். கட்டிலின் நடுவில் கயிறு தொய்ந்து பள்ளமாக இருந்தது. “நான்தான் பார்த்துக்கொண்டேன். பார்க்க ஆள் இருந்தும் அவள் பட்ட பாடு அது” என்றார். இரண்டாவது திரைக்குப் போனோம். பத்து, ஐந்து, நான்கு, மூன்று என்று நிதானமாக இறங்கி இரண்டில் நின்றார்; பத்து நல்ல ஆண்டுகளில் எட்டை விட்டுக்கொடுத்துவிட்டார். மதிப்பு -0.8. கடைசியில் அவர் சொன்ன பதில்களைத் திரையில் வரிசைப்படுத்திக் காட்டி, எதுவும் பொருந்தவில்லையா என்று கேட்பது முறை. மேலிருந்து கீழ்வரை விரலால் தொட்டுப் பார்த்தார். நடுவில் ஒன்றை மட்டும், “இது நான் நினைத்ததைவிட மேலே போய்விட்டது” என்று எடுக்கச் சொன்னார். 55555-ல் விரல் நிற்கவே இல்லை.

அதே வாரத்தில் ஓர் அம்மா, பூக் கட்டிக்கொண்டே பதில் சொன்னார். லேசான நிலைகளுக்கு அரை ஆண்டைக்கூட விட்டுத்தர மாட்டேன் என்றார். 55555 வந்தபோது நாரைக் கீழே வைத்துவிட்டார். வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. பயிற்சியில் எனக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் மிகக் கடினமானது இந்தச் சும்மா இருத்தல்தான். பிறகு ஆறு ஆண்டில் நின்றார். சின்ன மகள் பத்தாம் வகுப்பு. ஆறு ஆண்டு உடம்பு நன்றாக இருந்தால் அவள் கல்லூரியை முடித்துவிடுவாள் என்றார். பெரியவருக்கு -0.8 ஆன நிலை இவருக்கு 0.6. இரண்டும் சரியான பதில்தான். எதையும் திருத்தவோ வற்புறுத்தவோ எனக்கு உரிமை இல்லை.

இரண்டாவது பத்தில் ஒன்றே ஒன்று குறிபட்டது. அதில் பதில் சொன்னவருக்கு அவசர வேலை வந்துவிட்டது. தொடர்ந்து பணியாற்ற அனுமதி கிடைத்தது.

2022-ல் இந்தியாவின் மதிப்புத் தொகுப்பு வெளியானது. ஐந்து மாநிலங்களில் 3,548 பேர். 150 நிலைகளை நேரடியாகக் கேட்டு, மீதி அனைத்தையும் கணக்கிட்டு எடுத்திருந்தார்கள். அட்டவணையில் முதலில் 55555-ஐத்தான் தேடினேன். -0.923 என்று இருந்தது. அதைப் பார்த்ததும் அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வந்தது, சுவரில் சாய்ந்திருந்த அந்தக் கட்டிலும்.