இலக்கு நோட்டு: ஒருவழியாக ஒரு வரி பிடித்தது

தினமும் ஒரு பென்சில் ஓவியம் என்று போட்ட இலக்கு கடைசியில் படிந்துவிட்டது. ஒரு நோட்டு நிரம்பி, அடுத்தது ஓடுகிறது. இதே இலக்கு வருடாவருடம் ஜனவரியில் பிறந்து பிப்ரவரியில் மண்டையைப் போட்டுவிடும். அதனால் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதக் கட்டம், வாரப் பார்வை, ஸ்மார்ட் அளவுகோல் (இலக்கு தெளிவாகவும் அளக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பது போன்ற ஐந்து விதிகள்) எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். (ஸ்மார்ட்டை 1981-ல் ஜார்ஜ் டோரன் மேலாளர்களுக்காக எழுதினார், வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பதும் அதில் ஓர் அங்கம். என் இலக்கை நான் யாரிடம் ஒப்படைப்பது?)

இந்த முறை கைகொடுத்தது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் சொல்லும் "இது நடந்தால் இதைச் செய்வேன்" வரிதான். கேட்க சப்பென்று இருக்கும். ஆனால் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சும்மா ஆசைப்படுவதைவிட இதற்குக் கணிசமான பலன் தெரிந்தது.

வரியின் முதல் பாதியைச் செதுக்குவதில்தான் என் உழைப்பெல்லாம் போனது. "இரவு ஒன்பது மணிக்கு" தேறவில்லை. அலாரம் அடித்தால் அதை அணைக்கத்தான் கை போகிறது. "சாப்பிட்டதும்" என்பதும் இழுத்தடித்தது. சாப்பாடு எப்போது முடிகிறது, தட்டைக் கழுவியதுமா, பேச்சு ஓய்ந்ததுமா? இப்போது இருக்கும் வரி இது: "பல் துலக்கி, பிரஷ்ஷைக் கோப்பையில் போட்டதும், மேசையில் விரித்திருக்கும் நோட்டில் ஒரு கோடு இழுப்பேன்." பிரஷ் விழும்போது டக்கென்று சத்தம் வரும், கை காலியாகும், முடிந்ததா இல்லையா என்ற சந்தேகமே வராது. பின்பாதியில் "வரைவேன்" என்று எழுதாமல் "ஒரு கோடு" என்று வைத்ததும் வேண்டுமென்றேதான். ஒரு கோட்டோடு எழுந்துபோக எனக்கு மனசு வருவதில்லை. நோட்டை விரித்து, நடுமடிப்பில் பென்சிலை வைத்துவிட வேண்டும். மூடிக் கிடந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

21 நாளில் எல்லாம் பழக்கமாகிவிடும் என்பவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது. பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழு லண்டனில் 96 பேரை 12 வாரம் கவனித்துப் போட்ட கணக்கில், பழக்கம் படிய ஆகும் காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை (12 வாரத்தைத் தாண்டியதெல்லாம் போக்கை வைத்துக் கணித்தது). நடுவில் ஒருநாள் விட்டால் குடி முழுகிவிடாது என்பதும் அதில் தெரிந்ததுதான். அதனால் விட்ட நாளுக்குச் சிவப்புப் பெருக்கல் குறி போடுவதை நிறுத்திவிட்டேன். கட்டம் வெறுமனே காலியாக இருக்கும்.

தாள் பற்றி ஒரு புலம்பல். இலக்கு எழுதும் நோட்டின் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) புள்ளித்தாளில் என் ஊற்றுப்பேனா மை மறுபக்கம் எட்டிப் பார்க்கிறது. 160-ல் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் நோட்டு செங்கல் மாதிரி ஆகிவிடுகிறது. எனக்கு 100, 120 போதும். ஜிஎஸ்எம் போடாமல் "கெட்டித் தாள்" என்று மட்டும் போட்டு விற்பவர்களிடம் இனி வாங்குவதாக இல்லை.

ஓவியக் கட்டமே இன்னும் முழுதாக முடியவில்லை, அதற்குள் ஓட்டத்துக்கு ஒரு பக்கம் திறந்தாயிற்று. அதில் உளவியலாளர் கேப்ரியல் ஓட்டிங்கன் சொல்வதுபோல, ஆசையை எழுதிய கையோடு உள்ளே இருக்கும் தடையையும் எழுதிவிட்டேன்: யாராவது பார்ப்பார்களே என்ற கூச்சம். ஆனால் முதல் பாதி அமையவில்லை. "ஷூ லேஸ் கட்டியதும்" சரிப்படாது. லேஸ் கட்டும் அளவுக்கு வந்துவிட்டால் பாதி ஓடியாயிற்று. "தண்ணீர் பாட்டிலை நிரப்பி மூடியதும்" என்பதை இப்போதைக்குப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். மழை நாளுக்குத் தனி வரி போடுவதா, இதையே வைத்துக்கொள்வதா என்று இன்னும் முடிவாகவில்லை.