படியைத் தொலைத்த கோர்ட்

"நாளைக்கு மத்தியானம் கோர்ட்டில் உட்கார்ந்து சாப்பிடலாமா?" என்று கூட வேலை பார்க்கும் பெண் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் கோர்ட் என்பதையே அம்மா குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். தாத்தாவின் நிலத் தகராறு வருஷக்கணக்காக இழுத்ததில், அந்தப் படியை மிதிக்கும் நிலைமை எதிரிக்கும் வரக்கூடாது என்பது எங்கள் குடும்பத்து வேண்டுதல். இங்கே ஒருத்தி சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி வா என்கிறாள்.

போனேன். பிட்ஸ்பர்க் நகரின் கிராண்ட் தெருவில் இருக்கும் அலெகெனி கவுண்டி கோர்ட். கண்ணாடி அடுக்குமாடிகளுக்கு நடுவே, மாசசூசெட்ஸிலிருந்து வந்த லேசான இளஞ்சிவப்பு கிரானைட்டில், பாளம் பாளமாக நிற்கிறது. அவ்வளவு பெரிய முகப்பைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தால் தாழ்ந்த கூரை, குட்டைத் தூண்கள், மங்கல் வெளிச்சம். சப்பென்று ஆகிவிட்டது. அதைத் தாண்டினால் முற்றம். வானம் திறந்த, நடுவில் நீரூற்றுள்ள முற்றம்! நாலு பக்கமும் வளைவு வளைவாக ஜன்னல்கள். பாட்டி வீட்டில் மழைத்தண்ணீர் விழ விழப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அந்த முற்றத்தையே ஒரு ஊருக்காகப் பெரிதாகக் கட்டியது போல இருந்தது. தயிர்சாதத்தை அங்கே வைத்துச் சாப்பிட்டேன். அமெரிக்கா வந்த பிறகு எந்த இடத்திலும் அப்படி நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

அப்புறம் அந்தக் கட்டடத்தைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முன்பிருந்த கோர்ட் 1882 மே மாதம் எரிந்துபோனது. புதியதற்குப் போட்டி வைத்து, 1884-இல் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் என்ற கட்டடக் கலைஞரைத் தேர்ந்தெடுத்தார்கள். பாஸ்டனில் டிரினிட்டி தேவாலயத்தைக் கட்டிப் பெயர் வாங்கியவர். எஃகு ஆலைப் புகையில் ஊரே கறுத்துக் கிடந்த காலம் அது. ஜன்னலைத் திறந்தால் கரி வரும். அதனால் புகைக்கு மேலே எட்டுகிற மாதிரி முன்கோபுரத்தை உயர்த்தி, அதன் வழியாக நல்ல காற்றை உள்ளே இறக்கினார். கெட்ட காற்று பின்பக்கத்துக் கோபுரங்கள் வழியாக வெளியே போகும். அறைகளுக்கு வெளிச்சம் கொடுப்பது அந்த முற்றம்தான்.

அவர் இதை முடித்துப் பார்க்கவில்லை. சிறுநீரக நோயோடு போராடியவர், இன்னும் இரண்டு வருஷம் கிடைத்தால் போதும், பிட்ஸ்பர்க் கோர்ட்டையும் சிகாகோவில் எழும்பிக்கொண்டிருந்த கடையையும் பார்த்துவிடுவேன் என்றாராம். 1886 ஏப்ரலில், 47 வயதில் போய்விட்டார். அவர் அலுவலகத்திலிருந்த ஷெப்லி, ருட்டன், கூலிட்ஜ் மூவரும் 1888-இல் முடித்தார்கள். அவர் கேட்ட அதே இரண்டு வருஷம். இதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினேன். பின்புறம் ராஸ் தெருவுக்கு மேலே, வெனிஸ் நகரத்துப் பாலத்தைப் பார்த்துக் கட்டிய கல்பாலம் ஒன்று கோர்ட்டையும் பழைய ஜெயிலையும் இணைக்கிறது. கைதிகளைத் தெருவில் இறக்காமல் அழைத்துப் போக. "நல்லவேளை, மழையில் நனையாமல் போயிருப்பார்கள்" என்றார் அம்மா. 1995 வரை ஜெயிலாக இருந்தது, இப்போது குடும்ப நீதிமன்றம்.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. பனி வாரத் தெரியும், எந்தக் கடையில் நல்ல முருங்கைக்காய் வரும் என்று தெரியும், சனிக்கிழமையானால் பென் ஹில்ஸ் பெருமாள் கோயில். ஆனால் அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் மனசு பாரிமுனைக்கு ஓடிவிடுகிறது. 1892-இல் திறந்த செங்கல் சிவப்பு ஹைகோர்ட், பஸ்ஸில் அப்பா மடியில் நின்றுகொண்டு நான் பார்த்த கோபுரம். அதன் உச்சியில் 1977 வரை கப்பல்களுக்கு விளக்கு எரிந்தது. அங்கே கோபுரம் வழி காட்டியது, இங்கே மூச்சு விட்டது. அப்பா இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேன்.

எனக்கு ஆறாத விஷயம் அந்த வாசல்தான். அந்தத் தாழ்ந்த நுழைவு ரிச்சர்ட்சன் வைத்ததே இல்லை. அது அடித்தளம்! கிராண்ட் தெரு முன்பு ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. வண்டி போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 1913-இல் மேட்டை வெட்டித் தெருவைத் தாழ்த்தினார்கள். அவர் வைத்த வாசல் அந்தரத்தில் நின்றது. எட்டுவதற்குப் படிக்கட்டு கட்டினார்கள். 1920-களில் தெருவை அகலப்படுத்த அந்தப் படிக்கட்டையும் எடுத்துவிட்டு, வளைவுகளைக் கீழே இழுத்து அடித்தளத்தையே வாசலாக்கினார்கள். நிலைப்படியைக் கொத்தினால் வீட்டுக்கு ஆகாது என்று தச்சர்கள் நம் ஊரில் எத்தனை யோசிப்பார்கள்! இங்கே வாசலுக்குக் கீழே இருந்த பூமியையே எடுத்துவிட்டார்கள். நுழைந்ததும் கண்ணில் பட்டிருக்க வேண்டிய அந்த மாபெரும் கல் படிக்கட்டை, வளைவுக்குள் வளைவாக ஏறுவதை, இன்று தேடிக்கொண்டு மாடிக்குப் போக வேண்டியிருக்கிறது. தெரியாதவர்கள் பார்க்காமலே திரும்புகிறார்கள்.

ஸ்கார்பரோவில் இருக்கும் பெரியம்மா மகன் டொரோண்டோ பழைய நகர மண்டபத்துக்கு அழைத்துப் போனார். ஈ. ஜே. லெனாக்ஸ் வடிவமைத்து 1899-இல் திறந்தது, ரிச்சர்ட்சன் பாணி, வெகுகாலம் கோர்ட்டாகவும் இருந்தது. அதற்கு வாசல் வாசலாகவே இருக்கிறது. "உங்கள் ஊரில் இப்படி உண்டா?" என்றார் அண்ணன். "மூலமே எங்கள் ஊரில்தான் இருக்கிறது, வந்து பாருங்கள், மாடிப்படி வரைக்கும் நானே கூட்டிப் போகிறேன்" என்றேன். ஆகஸ்டில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.