இரண்டு பேர் கணக்கு

ஜனவரி 18, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் குடும்பத்துக்கு ஒரு சீட்டு கொடுத்தார்கள். பிப்ரவரி 8, விளைச்சலைக் கொண்டுவந்து படைத்து ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகைக்கு ஒவ்வொரு குடும்பமும் இரண்டு பேரைக் கூட்டிவர வேண்டும், பெயரை முன்னாலேயே எழுதித் தர வேண்டும். 1, 2 என்று கோடு வேறு. “நெல் கொள்முதல் டோக்கன் மாதிரி இருக்கே” என்றேன். பக்கத்தில் இருந்த அக்கா சிரித்தார். கமிட்டி சிரிக்கவில்லை.

சொல்ல எனக்கு யோக்கியதை இல்லைதான். போன வருஷம் எதிர்வீட்டுத் தையல்கார அக்காவை மூன்று நாள் கூட்டத்துக்கு ஐந்து தடவை கூப்பிட்டேன். ஐந்தாவது தடவை “தலைவலி” என்றார். அதிலிருந்து தைத்த ஜாக்கெட்டைக்கூட மகள் கையில்தான் கொடுத்தனுப்புகிறார்.

ஜனவரி 20

கமிட்டிக்காரர் பைபிளில் லூக்கா 14-ஐக் காட்டினார். விருந்துவைத்தவன், ஜனங்களை “வருந்திக் கூட்டிக்கொண்டுவா” என்கிறானாம். சரி, நம் ஊரில் வருந்தி அழைப்பது என்றால் என்ன? கல்யாணப் பத்திரிகையை வீட்டுக்கே கொண்டுபோய், தட்டில் வைத்து நீட்டி, “அவசியம் வந்துடணும்” என்று சொல்லி, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வருகிறோம். வருவார்களா என்று எழுதியா வாங்குகிறோம்? இயேசுவைப் பற்றி, நாசரேத்திலிருந்து நன்மை வருமா என்று நாத்தான்வேல் கேட்டபோது பிலிப்பு வாதாடவில்லை. “வந்து பார்” என்றான், அவ்வளவுதான்.

ஆவணி மாசம் வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடக்கிறவர்கள் கையில் யார் சீட்டு கொடுத்தார்கள்?

ஜனவரி 23

மீன் வாங்கத் தரங்கம்பாடி போனேன். திரும்பும்போது புதிய எருசலேம் ஆலயத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அதைக் கட்டிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கியதும், சின்னப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்து பழகினாராம். 1718-இல் கட்டிய கோயில் அது. உள்ளே நல்ல குளிர்ச்சி. வெளியே வந்தபோது பையில் சங்கரா மீனுக்கு ஐஸ் உருகிவிட்டிருந்தது.

ஜனவரி 27

கடைசித் தெரு மாமா வீட்டுக்குப் போனேன். ஒரு வருஷமாகக் கோயில் பக்கமே வருவதில்லை. சீட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போனேன்.

திண்ணையில் உட்கார்ந்து வாழைநார் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “நீயும் பேர் எழுத வந்தியாம்மா?” என்றார்.

“இல்ல மாமா. சும்மா வந்தேன்.”

நம்பவில்லை. கார்த்திகை மழையில் சம்பா மூழ்கியதைச் சொன்னார். மிஞ்சியதைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிட்டார்களாம். அப்புறம் அரை மணி நேரம் கழித்து, நான் கேட்காமலே:

“சந்தா பாக்கின்னு என் பேரைச் சபையில படிச்சாங்க. உன் அத்தை போயி நாற்பது நாள்கூட ஆகலம்மா.”

அன்று நானும் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். பட்டியலை யாரோ படித்தார்கள், நான் கைப்பையில் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன். இப்போது என்ன சொல்வது? “தப்பு மாமா” என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

கூரைமேல் பரங்கிக்கொடி. காய் ஒன்று பானை அளவுக்கு இருந்தது. அடியில் வைக்கோல் சும்மாடு வைத்து, சரியாமல் இருக்கக் காம்பை நாரால் கழியோடு கட்டியிருந்தார். அத்தை எடுத்து வைத்திருந்த விதையாம். “ஏலத்துக்கு வந்தா நல்ல விலைக்குப் போகும்” என்றேன். எழுந்து வரும்போது, “அன்னைக்கு வேப்பமரத்துப் பக்கம் நாற்காலி போட்டு வைக்கிறேன் மாமா. முடிஞ்சா வாங்க, முடியலன்னாலும் பரவாயில்ல” என்றேன். நாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 1, ஞாயிறு

சீட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தேன். பாக்கிப் பட்டியலைச் சபையில் படிப்பதை நிறுத்துங்கள் என்று சபைப் போதகரான ஐயரிடம் சொன்னேன். “கமிட்டியில பேசுறேன்” என்றார். பேசுவார், பார்ப்போம்.

பிப்ரவரி 8

ஆராதனைக்கு மாமா வரவில்லை. நாற்காலி காலியாகவே இருந்தது, இரண்டு பையன்கள் செருப்பை அதன்மேல் போட்டிருந்தார்கள். வாழைத்தார், நெல்மூட்டை, கால் கட்டிய சேவல் எல்லாம் ஏலம் போய்க்கொண்டிருந்தபோது சைக்கிள் மணி. கேரியரில் சாக்குக்குள் பரங்கிக்காய். செருப்பைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

கமிட்டிக்காரர் பேனாவோடு வந்தார். “இவரு உங்க கணக்குதானே?” தலையாட்டி மறுத்தேன்.

காயை நான்தான் 420 ரூபாய்க்கு எடுத்தேன். “அம்பது ரூபா காய்க்கா? கேட்டிருந்தா வீட்டுலயே கொடுத்திருப்பேனே!” என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

சாயங்காலம் அதை வெட்டி ஒரு பத்தையை எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்காவே கதவைத் திறந்தார். புளி போட்டுச் செய்வதா, தேங்காய் போட்டா என்று வாசலிலேயே பத்து நிமிஷம் பேசினோம்.