பொம்மைக் கல்லாப்பெட்டிகள்

மும்பை மாதுங்காவிலுள்ள எங்கள் வீட்டு அலமாரியில் புத்தகங்களுக்கு இருந்த இடத்தைப் பொம்மைக் கல்லாப்பெட்டிகள் பிடித்துக்கொண்டுவிட்டன. அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் 'அங்கிள் சாம்' உண்டியல் பெட்டி. ஐந்து, பத்து, இருபத்தைந்து சென்ட் நாணயங்களை மட்டுமே ஏற்கும் அது, ஒவ்வொரு நாணயத்தையும் கூட்டித் தொகையைக் காட்டிக்கொண்டே வந்து, 10 டாலர் சேரும்வரை இழுப்பறையைத் திறக்க விடாது. இந்தக் கறார்த்தனம் நம் வீட்டு உண்டியல்களுக்குக் கிடையாது! பிரிட்டன் பொம்மைகளில் ஷில்லிங் என்ற பழைய நாணயத்துக்கான விசைகள் இருந்தால், அந்நாடு 1971 பிப்ரவரி 15 அன்று தசம நாணய முறைக்கு மாறுவதற்கு முந்தைய வடிவமைப்பு என்று பெரும்பாலும் கொள்ளலாம். மும்பையின் பழைய பொருள் சந்தையான சோர் பஜாரில் வாங்குவோர் வண்ணத்தைவிட உள்ளிருக்கும் ஸ்பிரிங்கையே முதலில் சோதிக்க வேண்டும். மறுவண்ணம் பூசியவற்றை நான் தொடுவதேயில்லை.